‘அன்வில்லிங்’ எழுதிக் கொடுப்பது யார்?

கேள்வி: 2 மார்ச் 2024, காலை 10.15

என் மனைவி அரசு வங்கியில் கிளார்க். பதினோரு வருட சர்வீஸ். போன வாரம் ஆபீசர் பிரமோஷனுக்குச் சுற்றறிக்கை வந்தது. எனக்கு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அவள் கிளையில் இருக்கும் மற்ற மூன்று பெண்களும் மனுப் போடவில்லை. அப்படியிருக்க, மேலே பெண்கள் இல்லை, தடை இருக்கிறது என்று ஏன் எழுதுகிறார்கள்? விருப்பம் இல்லை என்பதுதானே உண்மை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2 மார்ச் 2024, இரவு 9.40

நான் 1987இல் கும்பகோணம் பக்கம் ஒரு கிளையில் கிளார்க்காகச் சேர்ந்து 2023இல் முதுநிலை மேலாளராக ஓய்வு பெற்றவள். வங்கி எது என்பது இங்கே வேண்டாம்.

நீங்கள் சொல்வது பாதி சரி. ‘அன்வில்லிங்’, அதாவது பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பெண்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே கொடுத்திருக்கிறேன், இரண்டு முறை. 1993இல் பரீட்சை, நேர்காணல் எல்லாம் முடிந்து தேர்வாகிவிட்டேன். போஸ்டிங் திருநெல்வேலி. மகளுக்கு எட்டு மாதம். கணவர் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர், அவருக்கு மாற்றல் என்ற பேச்சே கிடையாது. ஆர்டர் வந்த அன்று இரவு வீட்டில் யாரும் சண்டை போடவில்லை, அதட்டவில்லை. மாமனார் பழைய தாலுகா அலுவலகக்காரர், அழகான ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று தொடங்கும். நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மேலாளர் அதை வாங்கிக்கொண்டு, “நல்ல முடிவும்மா” என்றார்.

என் சர்வீஸ் கோப்பில் அது என் விருப்பம் என்றுதான் பதிவாகியிருக்கிறது. உங்கள் மனைவி விஷயத்தில் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். அவர் எதை வேண்டாம் என்றார்? ஆபீசர் வேலையையா, அதனோடு வரும் ஊரையா?

2 மார்ச் 2024, இரவு 11.05

சொல்ல விட்டுப்போனது. என்னோடு அதே நாளில், பக்கத்து கவுண்டரில் சேர்ந்தவர் ஒருவர். 1993 பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அவருக்கும் கைக்குழந்தை இருந்தது. அவருக்கு வந்தது தூத்துக்குடி. போனார். துணைப் பொது மேலாளராக ஓய்வு பெற்றார், அதாவது அதிகாரிகளின் பதவிப் படிகளில் ஆறாவது ஸ்கேல். நான் மூன்று. அறிவிலோ உழைப்பிலோ எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்ததாக அவரும் சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். ஒரு கூட்டத்தில் அவரே மேடையில் சொன்னார்: “நான் ஊர் ஊராகச் சுற்றினேன், என் மனைவி ஒரே ஊரில் இருந்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார்.” எனக்கு அப்படி ஒரு மனைவி இல்லை.

4 மார்ச் 2024, மாலை 6.20

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: பாரத ஸ்டேட் வங்கிக்கே பெண் தலைவர் வந்தாரே, பிறகு எங்கே தடை?

வந்தார். அருந்ததி பட்டாச்சார்யா, 2013 அக்டோபரில். அந்த வங்கி இந்தப் பெயரில் 1955இல் தொடங்கியது. 58 வருடம் கழித்து முதல் பெண். அதே சமயத்தில் பேங்க் ஆஃப் இந்தியாவில் விஜயலட்சுமி ஐயர், அலகாபாத் வங்கியில் சுபலட்சுமி பான்சே, புதிதாகத் தொடங்கிய பாரதிய மகிளா வங்கியில் உஷா அனந்தசுப்ரமணியன். இனி அப்படித்தான் என்று நாங்கள் எல்லாம் சந்தோஷப்பட்டோம். ஆனால் அது ஒரு தலைமுறையின் அறுவடை. வங்கிகள் 1969இல் தேசியமயமாகி, போட்டித் தேர்வு வழியாக ஆள் எடுக்கத் தொடங்கியபோது, சிபாரிசு இல்லாத பெண்கள் முதல்முறையாகக் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அருந்ததி 1977இல் சேர்ந்தவர். அப்படி வந்தவர்களில் மாற்றலையும் பிள்ளைகளையும் தாண்டி நிலைத்த சிலர் உச்சிக்குப் போனார்கள். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் ஆண்களே. மகிளா வங்கியும் 2017இல் பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்துவிட்டது.

அருந்ததி செய்த ஒரு காரியத்தை நான் மறக்கவே மாட்டேன். குழந்தை வளர்ப்புக்கோ வீட்டுப் பெரியவர்களைக் கவனிக்கவோ பெண் ஊழியர்கள் இரண்டு வருடம் வரை விடுப்பில் போய்த் திரும்பி வரலாம் என்ற ஏற்பாடு அவர் காலத்தில்தான் வந்தது. அவரே நடுவில் வேலையை விடும் நிலைக்கு வந்தவர் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பட்டவருக்குத்தான் அது தோன்றும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு பெயர் நினைவிருக்க வேண்டும். ரஞ்சனா குமார். 2000இல் இந்தியன் வங்கியின் தலைவரானார், ஓர் அரசு வங்கிக்கு முதல் பெண் தலைவர். எப்போது கொடுத்தார்கள் பாருங்கள். 1995-96இல் அந்த வங்கி ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியிருந்தது, வேறு வங்கியோடு சேர்த்துவிடலாமா என்ற பேச்சும் இருந்தது. அந்த நிலையில் பொறுப்பேற்று இரண்டே வருடத்தில் லாபத்துக்குக் கொண்டுவந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை யாரும் நம்மிடம் கொடுப்பதில்லை, பள்ளத்தில் இறங்கிய பிறகுதான் கொடுக்கிறார்கள் என்று எங்கள் சங்கத்து அக்கா ஒருவர் அப்போதே சொன்னார். மேலை நாட்டு ஆய்வாளர்கள் இதற்கு ‘கண்ணாடி விளிம்பு’ என்று பெயர் வைத்தது 2005இல்.

5 மார்ச் 2024, காலை 7.10

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: “அவளிடம் கேட்டேன். ஊர்தான் பயம் என்றாள். பையன் ஏழாம் வகுப்பு.”

கேட்டதற்கு நன்றி, தம்பி. பதினோரு வருடத்தில் இன்றுதான் கேட்டீர்களா என்று நான் குத்திக் காட்ட மாட்டேன். என் வீட்டில் 2001 வரை யாரும் கேட்கவில்லை.

5 மார்ச் 2024, இரவு 10.30

2001இல் எப்படிக் கேட்டார்கள் என்று ஒரு சகோதரி விசாரித்திருக்கிறார்.

2000-2001இல் அரசு வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். எங்கள் வட்டாரத்தில் கிளைக்குக் கிளை ஆபீசர் நாற்காலி காலி. பிரமோஷன் பட்டியல் நீண்டது. மண்டல அலுவலகத்தில் இருந்தே கூப்பிட்டு மனுப் போடச் சொன்னார்கள். அப்பா அதற்கு முந்தைய வருடம் தவறிப்போயிருந்தார். அம்மா சொன்னாள்: “நான் உன்னோடு வந்து இருக்கிறேன், நீ போ.” அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் நான் கிளார்க்காகவே ஓய்வு பெற்றிருப்பேன். 2002இல் பரமக்குடி பக்கம் ஒரு கிராமக் கிளை. மகள் பத்து வயது. அம்மா, மகள், நான், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. கணவர் சனிக்கிழமை இரவு பஸ் ஏறி வந்து ஞாயிறு இரவு திரும்புவார்.

கிளையில் பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. இருந்த ஒன்றும் பின்பக்கம் கதவு சரியாகச் சாத்தாத ஒன்று. காலையில் தண்ணீர் குடிக்காமல் போவேன். மதியம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு அம்மா அவர்கள் வீட்டுக்கு வரச் சொல்வார். மூன்று வருடம் அப்படியே ஓடியது, சிறுநீர்த் தொற்று இரண்டு முறை. தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ‘அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும்’ என்று வந்தது. தலைமைப் பண்பு பற்றி எங்களுக்கு ஏகப்பட்ட பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்திருந்தால் அதைவிடப் பயன்பட்டிருக்கும்.

6 மார்ச் 2024, பிற்பகல் 2.00

அரசுப் புள்ளிவிவரம் ஒன்று. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். காலை பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்வதற்கு முன்பே ஒரு ஷிப்டு முடிந்துவிடுகிறது.

6 மார்ச் 2024, இரவு 8.45

திருத்தம். ஒரு நண்பர் சரியாகச் சுட்டிக்காட்டினார். மேலே சொன்ன 299ம் 97ம் அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் சராசரி மட்டுமே. ஈடுபட்டவர்கள் பெண்களில் 81 விழுக்காடு, ஆண்களில் 26. அதாவது நான்கில் மூன்று ஆண்கள் அன்று அடுப்படிப் பக்கமே போகவில்லை, அவர்கள் இந்த 97இல் சேரவே இல்லை. நான் எழுதியதைவிட உண்மை நிலை மோசம்.

7 மார்ச் 2024, காலை 6.50

“பெண் மேலாளர்கள் நேர்மையானவர்கள், பொறுமைசாலிகள், அதனால் அவர்களைக் கொண்டுவர வேண்டும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். எனக்கு ஒப்புதல் இல்லை.

2008இல் அறந்தாங்கி பக்கம் கிளை மேலாளரானேன். முதல் வாரம் முழுக்க வாசலில் வந்தவர்கள் என் எதிரிலேயே நின்று “மேனேஜர் எப்ப வருவாரு?” என்று கேட்டார்கள். நான்தான் என்றால் அரை நிமிடம் யோசிப்பார்கள். அப்புறம் “மேனேஜரம்மா” ஆனேன். வராக்கடன் வசூலுக்கு டிவிஎஸ் வண்டியில் போவேன். ஆண் அதிகாரி போனால் வீட்டில் ஆண் இல்லை என்று கதவைச் சாத்துவார்கள். நான் போனால் பெண்கள் உள்ளே கூப்பிட்டு, மோர் கொடுத்து, கடன் பணம் எங்கே போனது என்ற உண்மையைச் சொல்வார்கள். பம்புசெட்டுக்கு வாங்கியது மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் எத்தனை தவணையில் கட்ட முடியும் என்று பேசலாம். இரண்டு வருடத்தில் கிளையின் வராக்கடன் பாதிக்கும் கீழே வந்தது.

மண்டல அலுவலகத்தில் பாராட்டினார்கள். “பெண்களுக்கே உள்ள சாமர்த்தியம்” என்றார்கள். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. பிறகு யோசித்தேன். நான் அந்த வீடுகளுக்குப் போகும் முன் ஒவ்வொரு கணக்கின் லெட்ஜரையும் இரவில் படித்துவிட்டுப் போனேன். அது என் உழைப்பு. அதைச் சாமர்த்தியம் என்று சொன்னதால் நேர்காணலில் அதற்கு மதிப்பெண் வரவில்லை. என் சக மேலாளர் அதே அளவு வசூல் செய்தபோது ‘திறமையான நிர்வாகி’ என்று குறிப்பு எழுதினார்கள். இயல்பான குணம் என்று சொல்லிவிட்டால் அதற்குச் சம்பளமோ பதவியோ தர வேண்டியதில்லை.

அதனால் பெண்கள் நேர்மையானவர்கள் என்ற வாதமும் வேண்டாம். நேர்மையில்லாத ஒரு பெண் மாட்டினால் மொத்தப் பேரையும் சேர்த்து மூடிவிடுவார்கள். பாதிப் பேர் பெண்கள், அவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. அது போதும்.

7 மார்ச் 2024, பகல் 12.30

குழுக்கள் பற்றியும் கேட்டார்கள். சுயஉதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1989இல், தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிவிட்டன. பெண்கள் குழுக் கடனைக் கட்டிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் வங்கிகள் கோடிகோடியாகக் கொடுத்தன. கட்டினார்கள். கிளைக்கு வரும் குழுத் தலைவிகளிடம் நான் பார்த்த நிர்வாகத் திறமையை எங்கள் பயிற்சிக் கல்லூரியில் பார்த்ததில்லை. நோட்டில் ஒரு ரூபாய் விடுபடாது. கடன் வாங்கப் பெண்ணை நம்பிய அமைப்பு, கடன் கொடுக்கும் நாற்காலிக்கு வரும்போது மட்டும் யோசித்தது. பெரிய விஷயம், தனியாக எழுத வேண்டும்.

8 மார்ச் 2024, இரவு 9.15

இன்று மகளிர் தினம் என்பதால் வாழ்த்து நிறைய வந்தது, எல்லோருக்கும் நன்றி.

2016 நவம்பர் பற்றிச் சொல்கிறேன். அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு கிளையின் மேலாளர். எட்டாம் தேதி இரவு, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு, ஒன்பதாம் தேதி வங்கி மூடல், பத்தாம் தேதி கதவைத் திறக்கும் முன்பே தெருமுனை வரை வரிசை. எங்கள் கிளையில் பதினோரு பேரில் ஏழு பேர் பெண்கள். மண்டல அலுவலகத்தில் இருந்து போன்: “லேடீஸ் ஸ்டாஃப்தானே அதிகம், சமாளிப்பீங்களா?” சமாளித்தோம். சனி, ஞாயிறு கிடையாது. மாற்றுவதற்கு நாலாயிரம் ரூபாய் வரம்பு, பிறகு நாலாயிரத்து ஐந்நூறு, பிறகு இரண்டாயிரம், நடுவில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். ஸ்டிராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று தலைமைக் காசாளரிடம், இன்னொன்று ஓர் இளம் பெண் அதிகாரியிடம். கணக்கு முடித்துப் பூட்டும்போது இரவு பதினொன்று ஆகும். ஆட்டோ பேசி ஒவ்வொருவரையும் வீட்டில் விட்டோம். ஐம்பது நாளில் ஒரு ரூபாய் வித்தியாசம் வரவில்லை. அந்த ஏழு பேரையும் நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

11 மார்ச் 2024, இரவு 11.50

மூன்று நாளாக எழுதவில்லை. மேலே எழுதியதைத் திரும்பப் படித்ததில் ஒன்று உறுத்துகிறது.

சாவி வைத்திருந்த அந்த இளம் அதிகாரி. 2014இல் நேரடித் தேர்வில் வந்தவர். நல்ல வேகம், கடன் மனுவைப் படித்தவுடன் ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார். 2016 ஜூனில், அதாவது இந்தக் களேபரத்துக்கு ஐந்து மாதம் முன்பு, ஒரு கிராமக் கிளைக்குப் பொறுப்பாளர் தேவை என்று மண்டல மேலாளர் என்னிடம் போனில் கேட்டார். இந்தப் பெண்ணா, அதே ஆண்டு சேர்ந்த பையனா? நான் சொன்னேன்: “அந்தப் பெண்ணுக்குக் குழந்தை ஒரு வயது சார், பாவம், இப்ப வேண்டாம். பையனை அனுப்புங்க.” அவளிடம் சொல்லக்கூட இல்லை. நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

2019இல் மூன்றாம் ஸ்கேல் நேர்காணல். தனியாகக் கிளை நடத்திய அனுபவம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. பையனுக்கு உண்டு. அவன் தேர்வானான். இவளுக்கு அந்த முறை வரவில்லை. விஷயம் எப்படியோ தெரிந்து என்னிடம் வந்தாள். கோபப்படவில்லை. “மேடம், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்க அம்மா ஊர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர்” என்றாள்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று உறுத்துவது இன்னொன்று. ஜூனில் குழந்தையைக் காரணம் காட்டி அவளைத் தடுத்த நானேதான், நவம்பரில் அதே குழந்தையின் தாயை இரவு பதினொன்று வரை நிறுத்திவைத்தேன். அப்போது குழந்தை என் நினைவுக்கு வரவே இல்லை. கிளைக்குத் தேவைப்பட்டபோது அவள் அதிகாரி. அவளுக்கு ஒரு பதவி வரும்போது அவள் தாய். 1993இல் மாமனார் எனக்கு எழுதிய கடிதத்தை 2016இல் நான் அவளுக்கு எழுதியிருக்கிறேன், அவள் கையெழுத்துகூட இல்லாமல்.

12 மார்ச் 2024, காலை 9.00

“உங்களை ஏன் இவ்வளவு வருத்திக்கொள்கிறீர்கள், நல்ல மனதோடு செய்ததுதானே” என்று இரண்டு பேர். அன்புக்கு நன்றி. நல்ல மனதோடு செய்ததால்தான் எழுதுகிறேன். கெட்ட மனதோடு தடுப்பவரை எதிர்த்து மனுக் கொடுக்கலாம். பாவம் பார்த்துத் தடுப்பவரை எதிர்த்து என்ன கொடுப்பது?

நிறுவனமும் இப்படித்தான் பாவம் பார்க்கும். 2021 டிசம்பர் கடைசியில் பாரத ஸ்டேட் வங்கி, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் புதிதாகச் சேரத் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்’ என்று விதி கொண்டுவந்தது. பிரசவமாகி நான்கு மாதத்துக்குள் சேரலாமாம். டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பி, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, 2022 ஜனவரி கடைசிக்குள் திரும்பப் பெற்றார்கள். சீனியாரிட்டியில் சில மாதம் பின்தங்கினால் என்ன ஆகும் என்று வங்கியில் இருப்பவர்களுக்குத் தெரியும். முப்பது வருடம் தொடரும்.

13 மார்ச் 2024, மாலை 5.40

பிரசவ விடுப்பு 26 வாரம் ஆனது 2017இல். நல்ல சட்டம். ஆனால் செலவு முழுவதும் முதலாளி தலையில் விழுகிறது, அதனால் சின்ன கம்பெனிகள் கல்யாணமான பெண்ணை எடுக்கவே தயங்குகின்றன என்று என் மகள் சொல்கிறாள். அவள் தனியார் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். வங்கிகளில் அப்பாக்களுக்கு 15 நாள் விடுப்பு வந்தது 2015 ஊதிய ஒப்பந்தத்தில். அம்மாவுக்கு ஆறு மாதம், அப்பாவுக்குப் பதினைந்து நாள். குழந்தை யார் பொறுப்பு என்று அந்த இரண்டு எண்ணே சொல்லிவிடுகிறது.

2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் சொல்வதும் இதை ஒட்டித்தான். ஒரே படிப்பு, ஒரே சம்பளத்தில் தொடங்குகிறவர்களுக்குள் முதல் குழந்தைக்குப் பிறகு இடைவெளி விரிகிறது. எந்த நேரம் கூப்பிட்டாலும் வரக்கூடியவருக்கே பெரிய சம்பளமும் பதவியும் போகிறது. அப்படி ஒருவர் வர வேண்டுமென்றால் வீட்டில் இன்னொருவர் எப்போதும் இருந்தாக வேண்டும்.

14 மார்ச் 2024, இரவு 10.10

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: “நாளை கடைசி நாள். இன்று மனுப் போட்டுவிட்டாள். பையன் என்னோடு இருக்கட்டும் என்று சொன்னேன். எனக்குச் சமைக்கத் தெரியாது.”

ஒரு வாரத்தில் சாதம், ரசம், ஒரு பொரியல் பழகிவிடலாம். என் கணவர் ஐம்பது வயதுக்கு மேல் பழகினார், இன்று எங்கள் வீட்டு வத்தக்குழம்பு அவர் கைப்பக்குவம்தான்.

23 ஜூலை 2024, இரவு 9.30

பழைய இழையை மீண்டும் திறந்ததற்கு மன்னிக்கவும். தம்பியின் மனைவி தேர்வாகிவிட்டார், முதுகுளத்தூர் பக்கம் போஸ்டிங். அவரே இன்று இங்கே கேட்டிருக்கிறார், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று.

அம்மா, வாழ்த்துகள். வீடு பார்க்கும்போது முதலில் தண்ணீர் கேளுங்கள். அந்தப் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. காவிரிக் குடிநீர் எந்தக் கிழமை வரும், எத்தனை குடம் பிடிக்கலாம் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கிளைக்குப் போன முதல் நாளே கழிப்பறையைப் பாருங்கள். சரியில்லை என்றால் அன்றே மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள், என்னைப் போல மூன்று வருடம் பொறுக்க வேண்டாம். தஞ்சாவூர்க் கிளையில் சாவி வைத்திருந்த அந்தப் பெண்ணிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். இப்போது ராமநாதபுரத்தில் கிளை மேலாளராக இருக்கிறாள். நீங்கள் வந்து சேர்ந்ததும் பார்க்க வருவதாகச் சொன்னாள்.

இன்னொன்று. சாவி உங்கள் கைக்கு வரும் நாளில் பணக்கட்டு, நகைக்கடன் பைகள் எல்லாவற்றையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். “மேடம், எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்துப் போடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்பார்கள். இரவு ஒன்பதானாலும் பரவாயில்லை, எண்ணி முடித்த பிறகு போடுங்கள்.